ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, ஒரு ஃபிரிட்ஜ், கோடை இரவுகளில் மட்டும் ஓடும் ஓர் ஏசி என்று தமிழ்நாட்டு நகரங்களில் எங்கும் பார்க்கக்கூடிய வீடு. அந்த 400 யூனிட்டால் காற்றில் எவ்வளவு கரியமில வாயு சேர்ந்தது? கணக்கு ஒரே வரிதான். 400-ஐ 0.727-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 291 கிலோ. ஆண்டுக்கு ஒன்றே முக்கால் டன்.

இந்தப் பெருக்கலைத்தான் கைபேசிச் செயலிகளும் செய்கின்றன, பெரிய நிறுவனங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளும் செய்கின்றன. ஆனால் 0.727 என்பது எதை எதால் வகுத்து வந்தது, எந்தக் கேள்விக்கு அது விடை சொல்லும், எந்தக் கேள்விக்குச் சொல்லாது என்பதை அவற்றில் தேடினால் கிடைப்பது அரிது. எண்ணை இடம் தெரியாமல் வைத்தால் சிறு பிசகோடு போய்விடாது. செய்ய வேண்டியது எது என்ற முடிவே மாறிவிடக்கூடும். அதனால் இந்த எண்ணின் அடிவரை இறங்கிப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

அடியில் இருப்பது நிலக்கரி. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் அதிலிருந்துதான் வருகிறது. கார்பன் அணுவின் நிறை 12. எரியும்போது அது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இழுத்துக்கொள்கிறது. அவற்றின் நிறை 32. ஆக, 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. எரித்த பொருளைவிட வெளியேறும் வாயுவின் எடை கூடுதலாக இருப்பதைக் கேட்டுப் பலர் வியப்பதுண்டு. கூடுதல் எடை முழுவதும் காற்று கொடுத்தது.

ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல். அனல்மின் நிலையம் தன் கொதிகலனில் மூட்டும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும். மீதி குளிர்விக்கும் நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடும். எனவே ஒரு யூனிட்டுக்கு ஒரு கோடி ஜூலுக்கும் கொஞ்சம் கூடுதலான வெப்பம் வேண்டும். பத்து லட்சம் ஜூல் வெப்பத்துக்கு இந்திய நிலக்கரி ஏறக்குறைய 90 கிராம் கரியமில வாயுவை விடுகிறது. பெருக்கிப் பார்த்தால் யூனிட்டுக்கு 930 கிராமை ஒட்டி வரும். கரி அரைக்கும் ஆலை, ராட்சத விசிறிகள், கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்புகள் என்று நிலையம் தானே எடுத்துக்கொள்ளும் பங்கு நூற்றுக்கு ஏழெட்டு. அதையும் கழித்தால், நிலைய வாசலைத் தாண்டி வெளியே வரும் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ. நினைவில் வைத்துக்கொள்ள எளிதான எண் இது.

இதையே கரியின் எடையிலிருந்தும் சரிபார்க்கலாம். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம்; எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியாத மண்ணும் கல்லும்தான். கார்பன் நாற்பது விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே. யூனிட்டுக்கு 700 கிராம் கரி எரிகிறது என்று கொண்டால் அதில் கார்பன் ஏறக்குறைய 270 கிராம். அதை 44/12-ஆல் பெருக்கினால் மறுபடியும் ஒரு கிலோவை ஒட்டியே விடை வருகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இன்னும் ஈரம் மிகுந்தது. அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். அதனால் அங்கே யூனிட்டுக்கு ஒன்றே கால் கிலோவை எட்டும். இயற்கை எரிவாயு அரை கிலோவுக்கும் கீழே நிற்கும்.

முப்பந்தல் காற்றாலை, கூடங்குளம் அணு உலை, குந்தா நீர்மின் நிலையம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கில் பூஜ்யம். அங்கே எரிபொருள் எரிவதில்லை என்பதால் பூஜ்யம். கட்டுவதற்கு இரும்பும் சிமென்டும் சிலிக்கனும் வேண்டியிருந்தன என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் வேறொரு கணக்கு உண்டு. காலநிலை மாற்றத்துக்கான ஐநா அறிவியல் குழு 2014 அறிக்கையில் அதன் நடுமதிப்புகளைத் தந்தது: யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, நிலத்தில் பரப்பிய சூரியப் பலகை 48, நீர்மின்சாரம் 24, அணு 12, காற்று 11. இங்கே ஓர் எச்சரிக்கை. இந்திய மின்கட்டமைப்பு முழுவதற்கும் 0.82 கிலோ என்ற எண் சில ஆண்டுகள் முன்புவரை பரவலாகப் புழங்கியது. அதுவும் உலக நிலக்கரியின் 820 கிராமும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல். ஒன்று ஒரு நாட்டின் கலவைக்கானது, புகைபோக்கியோடு நிற்பது. மற்றொன்று ஒரே எரிபொருளுக்கானது, உலகளாவியது, சுரங்கத்தையும் சேர்ப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதப்பட்ட கட்டுரைகள் உண்டு.

இப்போது 0.727-க்கு வருவோம். டெல்லியில் இருக்கும் மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஒரு தரவுத் தொகுப்பை வெளியிடுகிறது. கட்டமைப்போடு இணைந்த ஒவ்வோர் அனல்மின் நிலையமும் அந்த ஆண்டில் எவ்வளவு எரிபொருள் எரித்தது, எவ்வளவு மின்சாரம் வெளியே அனுப்பியது என்று அலகு அலகாகப் பார்த்துக் கூட்டிய தொகுப்பு அது. 2023-24 நிதியாண்டில் நாடு முழுவதும் இப்படி வெளியேறிய கரியமில வாயு ஏறக்குறைய 120 கோடி டன். நீர், அணு, காற்று, சூரியன் எல்லாம் சேர்த்து வெளியே அனுப்பிய மின்சாரம் 1.6 லட்சம் கோடி யூனிட்டுக்கு மேல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் யூனிட்டுக்கு 0.727 கிலோ. முதலில் சொன்ன வீட்டின் எண் இதுதான். பழைய 0.82-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி உண்மையான முன்னேற்றம். மறுபகுதி கணக்கு முறையின் மாற்றம். பழைய எண்ணில் காற்றும் சூரியனும் வகுக்கும் எண்ணுக்குள் வரவில்லை. ஆண்டுக்காண்டு ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால், நாம் செய்யாத சாதனையை நம் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் இத்தனை காற்றாலைகள் சுழல்கின்றனவே, நமக்கு மட்டும் குறைந்த எண் வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். 2013 வரை தென்னிந்தியாவுக்குத் தனி எண் இருந்தது, ஏனென்றால் தென்னகக் கட்டமைப்பு தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைக்கப்பட்டதும் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில், நொடிக்கு ஐம்பது முறை துடிக்கத் தொடங்கின. இப்போது இது பல வாய்க்கால்கள் வந்து விழும் ஓர் ஏரி. எந்த மடையில் வெளியேறும் நீர் எந்த வாய்க்காலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு, அது பெரிது. ஏரியில் நீர் தங்கும். மின்கட்டமைப்பில் ஒன்றும் தங்காது. ஒவ்வொரு நொடியும் எடுக்கும் அளவுக்குச் சரியாக உற்பத்தி ஆக வேண்டும். மேலும், தமிழ்நாடு தன் காற்றை மட்டும் நம்பி வாழவில்லை. ஒடிசாவின் தால்சேர் அனல்மின் நிலையத்திலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை ஓடும் நேர்மின் தடம் வழியே தென் மாநிலங்களுக்கு மின்சாரம் வருகிறது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் எரியும் கரியிலும் பெரும்பங்கு ஒடிசாச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறி வருவதுதான்.

சிறிய கட்டமைப்புகளில் இந்த எண் ஒரே ஆண்டில் வெகுவாக ஏறி இறங்கும். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நன்றாகப் பெய்து மகாவலி, களனி நீர்த்தேக்கங்கள் நிறைந்தால் எண் இறங்கும். மழை பொய்த்தால் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் சுமை தாங்கும், எண் ஏறும். போன ஆண்டின் எண்ணை இந்த ஆண்டுக்குப் போடுவது அங்கே நமக்கிருப்பதைவிட ஆபத்தானது.

இன்னொரு திருத்தமும் உண்டு. 0.727 என்பது நிலைய வாசலில் எடுத்த கணக்கு. நம் மீட்டர் இருப்பதோ வீட்டுச் சுவரில். நடுவில் உயரழுத்தக் கம்பிகள், துணைமின் நிலையங்கள், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்கள். இந்தியா முழுவதும் சேர்த்து வழியில் போவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பதினேழு என்று வைத்துக்கொண்டால், மீட்டரில் ஒரு யூனிட் ஓடுவதற்கு நிலையத்திலிருந்து 1.2 யூனிட் புறப்பட்டிருக்க வேண்டும். அப்போது மீட்டரின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 0.88 கிலோ. நம் வீட்டின் 291 கிலோ 350 ஆகிவிடுகிறது. நிறுவனக் கணக்கு விதிகள் இந்த இழப்பைத் தனியொரு தலைப்பின் கீழ் எழுதச் சொல்கின்றன. வீட்டுக் கணக்குப் போடும் செயலிகள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

இதுவரை பார்த்தது எல்லாம் நடந்து முடிந்ததற்கான கணக்கு. நான் அதிகம் கவலைப்படுவது இனி நடக்கப்போவதற்கான கணக்கைப் பற்றித்தான்.

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 246 யூனிட் மிச்சம். இதனால் எவ்வளவு கரியமில வாயு குறையும்? சராசரி எண்ணைப் போட்டால் 179 கிலோ. ஆனால் நீங்கள் விசிறியை மாற்றியதும் எந்த நிலையம் தன் உற்பத்தியைக் குறைக்கிறது என்று யோசியுங்கள். கூடங்குளம் குறைக்காது, அணு உலை எப்போதும் முழு அளவில் ஓடவே விரும்பும். வெயிலும் காற்றும் இலவசம் என்பதால் அவற்றையும் கூடியவரை யாரும் நிறுத்த மாட்டார்கள். தேவை குறைந்தால் கையைக் கட்டிக்கொள்வது பெரும்பாலும் ஏதோ ஒரு நிலக்கரி நிலையம்தான். அதன் யூனிட்டுக்கு ஒரு கிலோ. வழியில் போகும் இழப்பையும் சேர்த்தால் அந்த விசிறி உண்மையில் தவிர்ப்பது 300 கிலோவை நெருங்கும். ஒரே விசிறி, ஒரே மிச்சம், ஆனால் 179-க்கும் 300-க்கும் இடையே இவ்வளவு தூரம். முதல் எண் ‘என் பங்கு எவ்வளவு’ என்ற கேள்விக்கானது. இரண்டாவது ‘நான் மாறினால் என்ன மாறும்’ என்ற கேள்விக்கானது. முன்னதைச் சராசரி என்றும் பின்னதை விளிம்பு என்றும் துறையினர் சொல்வார்கள்.

இந்த வேறுபாட்டைப் பணத்தோடு சேர்த்துச் சந்தித்தவர்கள் தென்தமிழகத்துக் காற்றாலை உரிமையாளர்கள். கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை வளர்ச்சித் திட்டப்படி, காற்றாலை அமைத்தவர் தவிர்த்த கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் சான்று பெற்றுப் பணக்கார நாடுகளுக்கு விற்க முடிந்தது. தவிர்த்தது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் மத்திய மின்சார ஆணையத்தின் தரவுத் தொகுப்பே 2006-இல் பிறந்தது. அதில் சராசரியோடு இன்னும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று இயக்க விளிம்பு: இன்று ஓடிக்கொண்டிருப்பதில் நீரையும் அணுவையும் ஒதுக்கிவிட்டு, தேவைக்கேற்ப ஏற்றி இறக்கப்படும் நிலையங்களின் எண். இது ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். மற்றொன்று கட்டுமான விளிம்பு: அண்மையில் கட்டப்பட்டு, மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தரும் புதிய நிலையங்களின் எண். ஒரு புதிய காற்றாலை இன்றைய கரி நிலையத்தை இறக்குவதோடு, நாளை கட்டப்போகும் ஏதோ ஒன்றைக் கட்டாமலும் விடச் செய்யும் என்பதே இதன் அடிப்படை. காற்றுக்கும் சூரியனுக்கும் முன்னதற்கு முக்கால் பங்கு, பின்னதற்குக் கால் பங்கு எடை தந்து கூட்டினார்கள். அந்தத் திட்டத்தின் மீது நியாயமான குறைகள் பல உண்டு. ஆனால் இன்றைய விளைவையும் நாளைய விளைவையும் ஒரே எண்ணுக்குள் பிடிக்கப் பார்த்த அந்த யோசனையை நான் மிக மதிக்கிறேன். வீட்டுக்கு என்ன வாங்குவது என்று முடிவெடுக்கும்போதும் நமக்குத் தேவை அப்படிப்பட்ட ஓர் எண்தான்.

ஆலைகளின் கணக்கு இன்னும் சிக்கலானது. கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகள் பல, ஆரல்வாய்மொழியிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் சொந்தக் காற்றாலைகள் வைத்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே பாயும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் உற்பத்தி கொட்டும். ஆலைக்குத் தேவைப்படாததை அப்போது கட்டமைப்பில் செலுத்திவிட்டு, நிதியாண்டு முடிவதற்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் பேங்கிங் ஏற்பாடு தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. ஜூலையில் செலுத்திய யூனிட்டை ஜனவரியில் எடுத்தால் கணக்குப் புத்தகத்தில் அது காற்று மின்சாரம். ஆனால் ஜனவரியில் கட்டமைப்பிலிருந்து அந்த ஆலைக்கு வந்த மின்சாரத்தை உண்டாக்கப் பெரும்பாலும் கரிதான் எரிந்தது. ஜூலையில் அந்தக் காற்று வேறு எங்கோ கரியைத் தவிர்த்தது என்பதும் உண்மைதான். ஆலையின் உரிமைகோரல் பொய்யில்லை. ஆண்டுக் கணக்கில் சரி. மணிக் கணக்கில் பொருந்தாது.

இதில் இரட்டைக் கணக்கு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அந்த ஆலை தன் காற்றைத் தனக்கே எழுதிக்கொண்டு ‘எங்கள் மின்சாரத்துக்குக் கரியமில வாயு பூஜ்யம்’ என்று ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்புகிறது. அதே காற்று நாட்டின் 0.727-க்குள்ளும் வகுக்கும் எண்ணாக இருக்கிறது. நம் வீட்டுக் கணக்கு குறைந்து தெரிவதில் அதற்கும் பங்கு உண்டு. ஒரே காற்றை இருவர் உரிமை கொண்டாடுகிறோம். முறையாகச் செய்வதென்றால், தனியார் எழுதிக்கொண்ட காற்றையும் சூரியனையும் கழித்துவிட்டு மீதிக் கலவைக்கு ஓர் எண் கண்டு, மற்றவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். ஐரோப்பாவில் அப்படியொரு எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். நிறுவனங்கள் உலகெங்கும் பின்பற்றும் பசுங்குடில் வாயுக் கணக்கு நெறி 2015-இல் ஒரு நடுவழி கண்டது: இடத்தின் சராசரியை வைத்து ஓர் எண், வாங்கிய ஒப்பந்தங்களை வைத்து ஓர் எண், இரண்டையும் அறிக்கையில் எழுத வேண்டும். இரண்டில் சிறியதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் அறிக்கைகளைப் பார்த்தால் மற்றதைத் தேடிப் படியுங்கள்.

ஆண்டுச் சராசரி மறைப்பதில் முதன்மையானது நேரம். நண்பகலில் கமுதியிலும் ராஜஸ்தான் பாலைவனத்திலும் சூரியப் பலகைகள் முழு வீச்சில் இருக்கும்போது கட்டமைப்பின் சராசரி இறங்குகிறது. மாலை ஏழு மணிக்குப் பலகைகள் ஓய்ந்திருக்கும். வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடும். கரி நிலையங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும். காடம்பாறை போன்ற இடங்களில் மேலே ஏற்றிவைத்த நீர் இறங்கிச் சற்றுக் கைகொடுக்கும்.

அப்படியானால் மின் ஸ்கூட்டரைப் பகலில் சார்ஜ் செய்தால் சுத்தம், இரவில் செய்தால் அழுக்கா? விளிம்புக் கணக்கில் இதற்கு நேரான விடை இல்லை. நண்பகலிலும் கரி நிலையங்கள் அணைவதில்லை. அணைத்து மூட்டப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் பாதியளவுக்கு இறக்கி ஓட்டுகிறார்கள். நீங்கள் நண்பகலில் கூடுதலாக எடுக்கும் யூனிட்டுக்கும் பல நாட்களில் அந்த நிலையங்களில் ஒன்றுதான் கொஞ்சம் ஏறும். ஆனால் கரியை அதற்கு மேல் இறக்க முடியாத வேளைகளும் உண்டு. ஆடி மாத நண்பகலில் காற்றும் வெயிலும் ஒருசேர மிகும்போது காற்றாலைகளையே நிறுத்தச் சொல்ல வேண்டிவரும். அந்த வேளையில் கூடுதலாக எடுக்கும் யூனிட், வீணாகப் போகவிருந்த யூனிட். அதற்கு உண்மையிலேயே பூஜ்யம். இன்னும் முக்கியமானது கட்டுமான விளிம்பு. தேவை பகலுக்கு நகர்ந்தால் புதிதாகக் கட்டுவது சூரியப் பலகையாக இருக்கும். தேவை மாலையில் குவிந்தால் அந்த மூன்று மணி நேரத்துக்காகவே புதிய கரி நிலையம் வேண்டும் என்ற வாதம் வலுப்பெறும்.

எண்களாகவே பார்ப்போம். மின் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு 3 யூனிட் தின்கிறது என்றால் சார்ஜர் இழப்பையும் சேர்த்து மீட்டரில் 3.3 யூனிட் ஓடும். சராசரிப்படி 2.9 கிலோ. முழுவதும் கரி என்ற மோசமான நிலையில் 4 கிலோ. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்குப் புகைக்குழாயில் மட்டும் 5 கிலோ விடும். சுத்திகரிப்பு ஆலையின் பங்கு அதற்கு மேல். எந்த எண்ணைப் போட்டாலும் மின் ஸ்கூட்டர் முன்னால்தான் நிற்கிறது. எவ்வளவு முன்னால் என்பதை நேரமும் கட்டமைப்பும் முடிவுசெய்கின்றன.

அரசின் விலைக்கொள்கையும் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், வெயில் வேளையின் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் 10 முதல் 20 விழுக்காடு குறைவாகவும், உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் இருக்க வழி செய்தன. முதலில் தொழிற்சாலைகளுக்கும் வணிகர்களுக்கும், பிறகு ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கும் என்பது திட்டம். வேளாண்மையை இதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். ஆனால் பகலுக்கு நகர்த்த மிக ஏற்ற சுமையே பம்புசெட்தான். கிணற்று நீரை நண்பகலில் இறைத்துத் தொட்டியில் நிறுத்திக்கொள்ள முடியும். தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் பெறும் பம்புசெட்டுகள் இருபது லட்சத்துக்கு மேல். இலவசத்தைத் தொடாமலே வழங்கும் நேரத்தை வெயிலோடு பொருத்தினால் கிடைக்கக்கூடியது மிகப் பெரிது. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு வயலுக்குப் போகும் உழவருக்கும் அது நிம்மதி.

நமக்கு இப்போது இல்லாதது மணிக்கொரு எண். பிரிட்டனில் அரை மணிக்கு ஒருமுறை, வட்டாரம் வட்டாரமாக, அடுத்த இரண்டு நாளுக்கான முன்கணிப்போடு அந்த எண்ணைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். துணி துவைக்கும் இயந்திரமே அதைப் படித்துத் தன் நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். இங்கேயும் அதற்கான மூலத் தரவு இல்லாமல் இல்லை. எந்த வட்டாரத்தில் எந்த வகை மின்சாரம் எவ்வளவு உற்பத்தியானது என்று, நாட்டின் மின்கட்டமைப்பை இயக்கும் கிரிட் இந்தியா நாள்தோறும் அறிக்கை தருகிறது. நிலையம் வாரியான கரியமில வாயு எண் மத்திய மின்சார ஆணையத்தின் தொகுப்பில் இருக்கிறது. முதலாவதை மணி வாரியாகத் திறந்துவிட்டு இரண்டாவதோடு பெருக்கி, தமிழில் ஒரு செயலியாகத் தர ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் குழு போதும். அதில் முதலில் இடம்பெற வேண்டிய எண், இன்று மாலை ஏழு மணிக்கும் நாளை நண்பகலுக்கும் உள்ள வித்தியாசம்.